ஷாக்குக்கு ஊற்றிய எண்ணெய்

மத்தியானம் இரண்டு மணிக்கு, கீழே கடையில் சங்கரலிங்கம் கல்லாப்பெட்டிமேல் தலைசாய்த்துக் கண்ணயரும் நேரம் பார்த்து, சொர்ணலதா மொட்டைமாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். முப்பத்தாறு வயது. இரண்டு பெண்கள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருத்தி படிகளைத் தாவி ஏறக்கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. என்றாலும் மேலே போனதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் சாக்குப் போட்டு மூடியிருந்தது கார். முழங்கை நீளம்தான். பின்னால் முள் வைத்த பெரிய சக்கரங்கள், முன்னால் சிறியவை. கையிலிருக்கும் ரிமோட்டின் குச்சியை அசைத்தால் ஓடும், திரும்பும். சங்கரலிங்கத்தின் தம்பி செல்லப்பாண்டி கப்பலில் எலக்ட்ரீஷியன். போன வருஷம், எண்பத்தாறில், சிங்கப்பூரிலிருந்து அதைத் துண்டு துண்டாக ஒரு பெட்டியில் கொண்டுவந்தான். பாதி பூட்டுவதற்குள் கப்பலிலிருந்து தந்தி வந்துவிட்டது.

"மதினி, படம் போட்ட புத்தகம் உள்ள இருக்கு. மிச்சத்தை நீங்க பூட்டிருங்க. தையல் மிஷினையே பிரிச்சுப் பூட்டுறவுகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

தேனி பஸ் நிலையத்தில் படிக்கட்டில் நின்றபடி விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை மாதம், தினமும் மத்தியானம், ஒவ்வொரு திருகாணியாகப் பூட்டினாள். கார் எழுந்து நின்ற அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்கள் பிறந்தபோதுகூட இப்படி இருந்ததா என்று யோசித்தாள். அந்த யோசனையே தப்பு என்று பட்டதால் அதை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

கார் ஓடியது. ஆனால் நேராக ஓடவில்லை, குதித்தது. மாடியில் கிடந்த ஒரு செங்கல் சில்லில் ஏறினால் போதும், மல்லாக்கக் கவிழ்ந்து சக்கரம் நான்கும் வானத்தைப் பார்த்துச் சுற்றும். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அவள் கண்டுபிடித்தாள்: சக்கரத்தின் குதியை அடக்கும் ஷாக்கில் எண்ணெய் இல்லை.

நான்கு சக்கரங்களுக்கும் நான்கு ஷாக். சுண்டுவிரல் பருமனில் ஓர் அலுமினியக் குழாய், அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட பொட்டளவு பிஸ்டன். சக்கரம் மேட்டில் ஏறும்போது பிஸ்டன் நகரவேண்டும். அது நகர, எண்ணெய் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கி வழிவிட வேண்டும். ஸ்பிரிங் துள்ளு என்று சொல்லும். எண்ணெய் பொறு என்று சொல்லும். இரண்டு பேச்சும் சரியாக ஒத்துப்போனால் கார் தரையை விடாது. காருடன் வந்த சின்னப் புட்டி எண்ணெய் பெட்டிக்குள்ளேயே கசிந்து காலியாகியிருந்தது.

அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் நின்றுகொண்டிருந்தது ஓர் எண்ணெய்க் கடையின் தலைமேல்.

கடலையெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். காருக்குத் தெரியவேயில்லை, அதே குதி. தேங்காயெண்ணெயும் அப்படித்தான். நல்லெண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை. விளக்கெண்ணெய் ஊற்றிய அன்றுதான் கார் நிதானத்துக்கு வந்தது. அது ரொம்பவே நிதானம் என்று பட்டபோது, புட்டியோடு வந்திருந்த வேறு பிஸ்டன்களை மாற்றிப் பார்த்தாள். ஓர் ஓட்டை, இரண்டு ஓட்டை, மூன்று ஓட்டை. மூன்று ஓட்டை சரியாக இருந்தது. எண்ணெய்க்குள் காற்றுக்குமிழி நின்றால் ஷாக் ஏமாற்றும் என்பதும் தெரிந்தது. பிஸ்டனை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கி, குமிழிகள் மேலே வந்து உடையும்வரை காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பில் மனசு வேறெங்கும் போகாது. கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவள் மனசு ஓரிடத்தில் நின்றது அந்தக் குழாயின் வாயில்தான்.

முழங்கால் உயரத்திலிருந்து காரைக் கைவிடுவாள். விழும், அமுங்கும், எழும், நிற்கும். ஒரே அசைவு. அதைப் பார்க்கவே மறுபடி மறுபடி கைவிடுவாள்.

கார் கைவிட்டுப் போகும் பேச்சு பொங்கல் கழிந்த வாரம் வந்தது.

"ராக்கப்பன் மொதலாளி தம்பி ஆதித்தன் கேட்டுக்கிட்டே இருக்காக," என்றான் சங்கரலிங்கம், சாப்பிட்டுக்கொண்டே. "அவுககிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்காம். இதையும் கொடுத்தா சோடியா வச்சு ஓட்டுவாகளாம். செல்லப்பாண்டிக்கு எழுதிக்கிடலாம். நம்ம வீட்டுல யாரு ஓட்டப்போறா?"

ராக்கப்பன் லோயர் கேம்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். வருஷமெல்லாம் இவர்களிடம்தான் எண்ணெய். கேட்டால் மறுக்க முடியாத இடம்.

சொர்ணலதாவின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. எனக்கு வேணும் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதை இந்த வீட்டில் எந்தக் குரலில் சொல்வது என்று தெரியவில்லை. அரிசி வேணும், புள்ளைகளுக்குப் பீஸ் கட்டணும், உங்கம்மாவுக்கு மருந்து வேணும் என்று கேட்கத் தெரியும். எனக்கு என்று தொடங்கும் வாக்கியம் பழக்கமில்லை. அதனால் அவள் காருக்காகப் பேசுவதுபோலப் பேசினாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அங்கன பந்தயம் வைக்கிறாகன்னு சொன்னீகளே. நம்மதும் ஓடட்டுமே. அஞ்சு சுத்துக் கவுராம ஓடுனா இங்கனயே இருக்கட்டும். கவுந்தா அவுக கொண்டுபோகட்டும்."

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

சங்கரலிங்கம் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தான். பிறகு சிரித்தான். "சரி, ஓட்டு. எப்படியும் அன்னைக்கு அங்கன டெலிவரி இருக்கு."

ஞாயிறு விடியலில் எண்ணெய் டின்கள் ஏற்றிய வேனில், டின்களுக்கு நடுவே காரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பம் தாண்டும்போது ஜன்னல் வழியே காற்று ஊசியாக இறங்கியது. கூடலூரில் முந்தானையால் காதை மூடிக்கொண்டாள்.

ராக்கப்பனின் தோட்டத்தில், பந்தலைப் பிரித்து எடுத்துவிட்ட ஓர் ஏக்கரில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மலை கையெட்டும் தூரத்தில் நின்றது. வெயில் இன்னும் அதைத் தாண்டி வரவில்லை. அவளுடையது தவிர ஆறு கார்கள் வந்திருந்தன: ஏலக்காய் எஸ்டேட்காரர்கள் இரண்டு பேர், ஓர் என்ஜினியர், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த இரண்டு பேர், ஆதித்தன். இருபத்தைந்து வயது ஆதித்தன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். வெயிலே இல்லாத வேளையில். வேடிக்கை பார்க்கத் தோட்டத்து ஆட்கள் வரப்பு நெடுகக் குந்தியிருந்தார்கள்.

சொர்ணலதா ரிமோட்டின் ஏரியலை இழுத்து நீட்டியதும் வரப்பிலிருந்து முருகம்மாள் என்ற கிழவி சத்தம் கொடுத்தாள். களையெடுக்கும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"ஏத்தா தேனிக்காரி, ரேடியோவைக் கையில வச்சுக்கிட்டு என்ன பேய் முழி முழிக்கிற? ஒரு பாட்டைப் போடு, கேப்பம்!"

வரப்பே சிரித்தது. சொர்ணலதாவும் சிரித்துவிட்டாள். "பாட்டி, இது பாடாது, ஓடும்."

"ஓடுறதுக்குத்தான் ஆம்பளைக இருக்காகளே. பாடுறதைக் கொண்டாந்திருக்கலாம்ல."

பந்தயத்துக்கு முன் ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். சொர்ணலதா காரைக் கோட்டில் வைத்தாள். கிளம்பியது. முதல் வளைவு நன்றாக இருந்தது. அதற்கப்புறம் டிராக்டர் திரும்பிய இடம். ஈரத்தில் டயர் பதிந்து அப்படியே காய்ந்துபோன வரிகள், பத்துப் பதினைந்து, ஒன்றன்பின் ஒன்றாக. கார் முதல் வரியில் ஏறியது, இரண்டாவதில் தட்டியது, மூன்றாவதில் கட்டைபோல விறைத்துக்கொண்டு எகிறியது. பக்கவாட்டில் விழுந்தது, உருண்டது, மல்லாந்தது.

மறுபடி ஓட்டினாள். அதே இடம், அதே மல்லாப்பு.

"ஆத்தாடி, ஆமை!" என்றாள் முருகம்மாள்.

ஆதித்தன் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு அருகில் வந்தான். "அக்கா, வருத்தப்படாதீக. எங்கிட்ட வந்தா நான் சரிபண்ணி ஓட்டிக்கிடுதேன்." குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

சங்கரலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பந்தயத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

அவள் காரைத் தூக்கிக்கொண்டு வேனின் பின்பக்கம் வந்து உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாகக் கை தானாகவே காரின் முதுகை அழுத்தியது. அமுங்கியது. விட்டாள். எழும்பவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுமளவு நேரமெடுத்து, நோயாளி கட்டிலைவிட்டு எழுவதுபோல மெல்ல எழும்பியது. மாடியில் இது ஒரு நொடியில் எழுந்த கார்.

முன் ஷாக்கைக் கழற்றி மூடியைத் திறந்தாள். ஒரு துளி விளக்கெண்ணெயை விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்தாள். அந்த வீட்டில் எல்லோரும் எண்ணெயைப் பார்ப்பது அப்படித்தான், கண்ணால் அல்ல, இரண்டு விரலால். விரல்கள் பிரிய மாட்டேன் என்றன. தேன்போல இழுத்துக்கொண்டு நின்றது.

அப்போது உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. குளிர்! அவள் இந்தக் காரைச் சரிசெய்ததெல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்கு, தேனி வெயில் தளத்தைச் சுட்டுக்கொண்டிருந்தபோது. அவளுக்கு ஓய்வு கிடைத்த நேரம் அதுதான். எண்ணெய்க்கும் அந்த நேரம்தான் தெரியும். இங்கே, மலையடிவாரத்துக் காலைக் குளிரில், அது இரண்டு மடங்கு தடித்துவிட்டது. சக்கரம் ஒரு வரியில் மடங்கி நிமிர்வதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. மடங்கியபடியே அடுத்ததில் மோதுகிறது. கார் குதிக்கவில்லை, நிமிர முடியாமல் திணறுகிறது.

இதைவிடத் தண்ணியான எண்ணெய் வேண்டும். ஆனால் நல்லெண்ணெய் அளவுக்குத் தண்ணியாக வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அப்படி ஓர் எண்ணெய் கடையில் கிடையாது.

கிடையாது என்று நினைத்தவுடனே இருக்கிறது என்று தெரிந்தது.

அவர்கள் கடையில் நான்கு எண்ணெய்க்கு நான்கு கரண்டி, நான்கு புனல், அவற்றை மாட்ட நான்கு ஆணி. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவசரத்தில் கடலையெண்ணெய்ப் புனலை நல்லெண்ணெய் டின்னில் வைத்துவிட்டாள். மாமனார் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். அன்றிலிருந்து இருட்டில்கூட அவள் கை புனல் மாறியதில்லை. ஒன்றில் ஒன்றை ஊற்றலாம் என்பதே ஒரு மாதமாக அவள் மண்டையில் உதிக்காததற்கு அதுதான் காரணம். ஓட்டையை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள், கலந்து மட்டும் பார்க்கவில்லை.

"ஏங்க, ஒரு நல்லெண்ணெய் டின்னைத் திறங்க."

சங்கரலிங்கம் திரும்பினான். "எதுக்கு?"

"இதுல கலக்கணும்."

"எதுல?"

"விளக்கெண்ணெயில."

அவன் முகம் போன போக்கைப் பார்த்தால், அவள் கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னதாகத்தான் யாரும் நினைப்பார்கள். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அது ராக்கப்பன் மொதலாளி வீட்டு டின். ஈயம் வச்சு அடைச்சது. நம்ம வேனுல, நம்ம டின்னைத் திறந்து, நாலு பேர் பாக்கக் கலப்படம் பண்ணச் சொல்றியே!"

"யாரும் தின்னப்போறதில்லைங்க. கார்தான் குடிக்கப்போகுது."

"பாக்குறவுகளுக்கு அது தெரியுமா?"

"சரி, நீங்க மறைச்சு நில்லுங்க. நான் கலக்குறேன்."

அவன் தோட்டத்துப் பக்கம் பார்த்தான். அப்புறம் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு வேன் கதவை அடைத்தாற்போல நின்றான். "சீக்கிரம் ஆகட்டும். எங்கப்பா மேல இருந்து பாக்குறாக."

அவள் திருப்புளியால் டின்னின் வாயைக் குத்தினாள். கையோடு கண்மருந்துப் புட்டியில் கொண்டுவந்திருந்த விளக்கெண்ணெய் பாதி, நல்லெண்ணெய் பாதி, ஒரு டப்பா மூடியில் ஊற்றினாள். தீக்குச்சியால் கலக்கினாள். மஞ்சளும் பழுப்பும் முதலில் இழை இழையாகச் சுற்றின, பிறகு ஒன்றாயின. விரலில் தேய்த்தாள். கொஞ்சம் தடிமன். இன்னும் ஆறு சொட்டு நல்லெண்ணெய். தேய்த்தாள். பிரிந்தது; பிரியும்போது லேசாகப் பிடித்தது. விரல் 'இதுதான்' என்றது.

நான்கு ஷாக்கிலும் பழையதை வடித்துப் புதியதை நிரப்பி, குமிழி போகும்வரை பிஸ்டனை ஏற்றி இறக்கி, மூடி, பூட்டினாள். அங்கே பந்தயத்துக்கு விசில் ஊதினார்கள். முழங்கால் உயரத்திலிருந்து காரைக் கைவிட்டாள்.

விழுந்தது, அமுங்கியது, எழுந்தது, நின்றது.

மறைத்து நின்ற சங்கரலிங்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு தடவை போடு," என்றான்.

ஏழு கார்களும் ஒன்றாகக் கிளம்பியபோது ஒரே புழுதி. அவளுக்குத் தன்னுடையது எது என்று இரண்டு நொடி தெரியவில்லை. பிறகு வளைவில் வெளியே வந்தது. டிராக்டர் வரிகள். சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் படபடத்தன. உடம்பு மட்டும் ஆற்றில் போகும் பரிசல்போல மட்டமாகப் போனது. முன்னால் போன எஸ்டேட் கார் அதே வரிகளில் எகிறிப் புரண்டது. அவளுடையது அதன் பக்கத்தில் தாண்டிப் போனது.

"ஏய்!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது தான்தான் என்று அவளுக்கு அப்புறம் தெரிந்தது.

இரண்டாவது சுற்று. மூன்றாவது. வரிகளுக்கு முன்னால் மற்றவர்களெல்லாம் வேகத்தைக் குறைத்தார்கள், அவள் குறைக்கவில்லை. குச்சி விரலுக்குக் கீழே சூடாக இருந்தது. தரையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவள் உள்ளங்காலில் தெரிந்தது. இத்தனை வருஷமும் வீட்டில் எது அசைந்தாலும் முதலில் மடங்கிக்கொடுத்தது அவள்தான். மடங்கியது தெரியும், ஒரு தடவையாவது முழுசாக நிமிர்ந்தாளா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. இதோ, ஒரு நொடிக்கு நான்கு தடவை மடங்கி நான்கு தடவை நிமிர்ந்துகொண்டு போகிறது ஒன்று.

"ஏலே, தேனிக்காரி வண்டியப் பாருங்கடா!" முருகம்மாள் வரப்பில் எழுந்து நின்றுவிட்டாள். "வுடாத ஆத்தா! அமுக்கு!"

நான்காவது சுற்றில் முன்னால் இருந்தது ஆதித்தனின் கார் ஒன்றுதான். கடைசி வளைவில் அவள் உள்பக்கம் நுழைந்தாள். அவனும் உள்பக்கம் ஒடித்தான். சக்கரமும் சக்கரமும் கவ்விக்கொண்டன. அவளுடைய கார் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மல்லாந்து விழுந்தது.

வரப்பு முழுக்க 'ஐயோ' என்றது.

அவள் ரிமோட்டைக் கழுத்து நாடாவில் தொங்கவிட்டாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், ஓடினாள். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் அவள் ஓடியதில்லை. செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. காரை நிமிர்த்தி வைத்து, நின்ற இடத்திலிருந்தே குச்சியைத் தள்ளினாள். இதற்குள் இரண்டு கார்கள் தாண்டிவிட்டன. ஐந்தாவது சுற்றில் அதில் ஒன்றைப் பிடித்தாள். மூன்றாவதாக வந்து சேர்ந்தாள்.

ஆதித்தன் ஓடி வந்தான், கண்ணாடியில்லாமல். "அக்கா, அந்த வரியில எப்படி அப்படிப் போச்சு? ஷாக்ல என்ன ஊத்துனீக?" என்றவன், பிறகு சங்கரலிங்கத்தைப் பார்த்துத் தயங்கினான். "ஆனா அண்ணாச்சி... கவுந்துருச்சுல்ல? கவுந்தா எனக்குன்னு சொல்லியிருந்தீக."

சங்கரலிங்கம் பிடரியைச் சொறிந்தான். "சொன்னது சொன்னதுதான்..." என்று இழுத்தான்.

"தர மாட்டேன்," என்றாள் சொர்ணலதா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு மூச்சு இரைத்தது, முகமெல்லாம் புழுதி, ஒரு கால் வெறுங்கால். கவிழ்ந்தது இடித்ததனால்தான் என்று வாதாடலாம். ஆதித்தனே ஒத்துக்கொள்வான். ஆனால் அந்த வாதமும் காருக்காகப் பேசுவதாகவே இருக்கும்.

"எனக்கு வேணும்," என்றாள். சொல் வெளியே வந்த பிறகு அது அவ்வளவு சின்னதாக இருந்தது. "சும்மாதான். எனக்கு வேணும்."

சங்கரலிங்கத்தின் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"வேணும்னா அன்னைக்கே வேணும்னு சொல்ல வேண்டியதுதான?" என்றான். "எதுக்குப் பந்தயம் கிந்தயம்னு இவ்வளவு தூரம்? நான் என்ன, நீ கேட்டு இல்லேன்னா சொன்னேன்?"

அவளுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. இல்லை, அவன் சொன்னதில்லை. அவள் கேட்டதில்லை. இதில் யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல், கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆதித்தா," என்றான் சங்கரலிங்கம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "கார் கிடைக்காதுப்பா. வேணும்னா எண்ணெய் தாரேன்."

"எண்ணெயே போதும் அண்ணாச்சி! என்ன எண்ணெய்?"

சங்கரலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அதை இவகிட்டக் கேளு. என் வாயால சொல்ல மாட்டேன்."

இரண்டாவது பந்தயம் பதினோரு மணிக்கு என்று அறிவித்தார்கள். முருகம்மாள் தொலைந்த செருப்பைக் குச்சியில் மாட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டாள். "இந்தா. அடுத்த தடவ ரெண்டையும் அவுத்துப்போட்டுட்டு ஓடு, ஆத்தா."

மலைக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. தோட்டம் முழுவதும் சட்டென்று மஞ்சளானது. சொர்ணலதா வெறும் காலைத் தரையில் வைத்துப் பார்த்தாள். மண் சுடத் தொடங்கியிருந்தது. பதினோரு மணிக்கு இந்தக் கலவை தண்ணீராகிவிடும். இன்னும் கொஞ்சம் தடிமன் வேண்டும், பின்னால் ஓர் அளவு, முன்னால் ஓர் அளவு. முன்னாலும் பின்னாலும் வேறு வேறாகக் கலக்கலாமே! இது ஏன் இதுவரை தோன்றவில்லை?

அவள் வேனை நோக்கி நடந்தாள். நாலடி போனதும் நடை ஓட்டமானது.

"ஏங்க," என்று திரும்பாமலே கத்தினாள், "விளக்கெண்ணெயை எடுங்க!"